கேட் சாத்தியிருக்கிறது

கெடிலம் பாலத்தில் காற்று
ஸ்கூட்டியை ஒரு பக்கமாகத் தள்ளும்.
திருப்பாதிரிப்புலியூரும் தாண்டினால்
முதுநகர்.
பேருக்கு ஏற்றாற்போல
எனக்கு அங்கே ஒன்பது வீடு:
ஐந்து முட்டி, இரண்டு பக்கவாதம்,
தோள் இறுகிப்போன ஒரு டெய்லர்,
அப்புறம் கலியபெருமாள்.

"எண்ணெய் தேய்க்கிற பொண்ணு வந்திருக்கு"
முதல் நாள் எதிர்வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.
நான் எண்ணெய் தேய்ப்பதில்லை.
நாலரை வருடம் படித்ததைச் சொல்லிப் பார்த்து
விட்டுவிட்டேன்.

கலியபெருமாள், எழுபத்தொன்பது.
முப்பத்தொரு வருடம் ரயில்வே கேட் கீப்பர்.
மார்கழி ஈரத்தில் வழுக்கி
இடது இடுப்பு உடைந்து, உள்ளே கம்பி.

படிவத்தில் 'இலக்கு' என்று ஒரு கட்டம்.
தோஹாவிலிருந்து மகன் சொன்னான்:
"பழையபடி நடக்கணும் மேடம், பீச் வரைக்கும்."
அவரைக் கேட்டேன்.
ஜன்னலைப் பார்த்தபடி
"நடந்தா போதும்மா" என்றார்.
என் பிடிக்குள் கெண்டைக்கால் சதை
சட்டென்று இறுகியது.
பொய்யென்று குறித்துக்கொண்டேன், மனதுக்குள்.

மூன்றாவது வாரம்
நித்யகலா தண்ணீர் பிடிக்கப் போன நேரம்,
குரலைத் தாழ்த்தினார்:
"கக்கூஸ் கதவ நானே சாத்திக்கணும்.
உள்ளாற தாப்பா போட்டுக்கணும்."
மருமகள் ஒன்றும் சொல்வதில்லையாம்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுவிவிடுவாளாம்.
இவர் கண்ணை மூடிக்கொள்வாராம்.
"ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு
எத்தினி நாளைக்கி?"

கட்டத்தில் எழுதினேன்:
கட்டிலிலிருந்து பதினான்கு அடி.
ஒரு வாசப்படி, நாலு விரற்கடை உயரம்.
திரும்புதல். உட்காருதல். எழுதல்.
வலது கை வாக்கரில் இருக்க
இடது கை தாழ்ப்பாள் வரை.

அதன்பிறகு எல்லாம் பொடி வேலை.
குதிகாலை மெத்தையோடு இழுக்க வேண்டும்.
இடுப்பைத் தூக்கி
ஐந்து எண்ண வேண்டும்.
அவர் எண்ண மாட்டார், வண்டி சொல்வார்:
விழுப்புரம் பாசஞ்சர், மாயவரம் பாசஞ்சர்,
சோழன், உழவன், கூட்ஸ்.
கூட்ஸ் வந்தால் கீழே இறக்கலாம்.
"கூட்ஸ் இன்னைக்கு லேட்டு" என்று
ஒருநாள் ஏமாற்றினேன்.
இரண்டு நொடி கூடுதலாகக் கிடைத்தது.

ஒருநாள் பாதி வழியில்
அடக்க முடியாமல் போய்விட்டது.
நான் தரையைப் பார்க்கவில்லை.
"ஒன்பதாவது அடி" என்றேன்.
"நேத்து ஏழு."

பங்குனியில் பதினான்காவது அடி.
கதவு சாத்திக்கொண்டது.
தாழ்ப்பாள் சத்தம் வரவில்லை.
இழுக்கிறார். மூச்சு வாங்குகிறது.
திறந்து பார்த்தால்
உப்புக்காற்றில் துரு ஏறி
எனக்கே அசைந்துகொடுக்கவில்லை.
பாவம், தோளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் டெய்லரிடம்
தையல் மிஷின் எண்ணெய் வாங்கிப் போனேன்.
நாலு சொட்டு. முன்னும் பின்னும் இழுத்து,
இன்னும் நாலு சொட்டு.
அந்த வீட்டில் நான் தேய்த்த
ஒரே எண்ணெய்.

டக்.

நித்யகலா மிக்ஸியை நிறுத்தினாள்.
என் உள்ளங்கை
கதவுக்கு இரண்டங்குலம் இப்பால்,
தொடாமல்.
விழுகிறவரைப் பிடிக்கத் தெரியும் எனக்கு.
பிடிக்காமல் நிற்பது
எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை.

ஒரு நிமிடம். இரண்டு.
"ஐயா?"
உள்ளேயிருந்து பழைய உத்தியோகக் குரல்:
"கேட்டு சாத்தியிருக்கு.
வண்டி போனாத்தான் தொறப்பேன்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு
நித்யகலா அடுப்படிக்கு ஓடினாள்.
அடுத்தது சலங்கை நகர், பக்கவாத வீடு,
ஏற்கெனவே பத்து நிமிடம் தாமதம்.
ஹாரன் அடித்துப் பயனில்லை என்று
என்ஜினை அணைத்துவிடுகிறவர்களைப் போல
இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.